கோரம் இல்லாத கோரம்

மூன்று வருஷம் பி.காம் படித்ததில் உருப்படியாக மனசில் நின்றது இரண்டே சமாச்சாரம்தான். ஒன்று, கணக்கில் எந்தத் தொகையும் அந்தரத்தில் தொங்கக் கூடாது. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே தீர வேண்டும். இன்னொன்று, கம்பெனி சட்ட வகுப்பில் வந்த கோரம். ‘கோர விபத்து’ என்று பேப்பரில் வருகிற கோரம் இல்லை. ஒரு கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்கிற கணக்கு. சர்க்கார் தமிழில் ‘குறைவெண் வரம்பு’.

எங்கள் புரொபசர் இதை நடத்தும்போது வகுப்பே சிரித்தது. கம்பெனியின் பொதுக்கூட்டத்துக்குப் போதிய ஆள் வரவில்லை என்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். அடுத்த வாரமும் ஆள் வரவில்லை என்றால்? வந்தவர்கள்தான் கோரம்! “இதுக்கு முதல் வாரமே நடத்தியிருக்கலாமே சார்” என்றான் கடைசி பெஞ்ச்காரன் ஒருவன். “நடத்தியிருக்கலாம். ஆனா வராதவனுக்கு ஒரு வாரம் டைம் குடுத்தோம்னு சொல்லிக்கலாம் இல்ல?” என்றார் அவர்.

சில வருஷங்களுக்கு முன்னால் எண்ணூர் பக்கத்து மீனவ நண்பர் ஒருவர் போன் செய்தபோது எனக்கு அந்த வகுப்புதான் ஞாபகம் வந்தது.

அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு திட்டம் வர இருந்தது. எந்தத் திட்டம், யாருடையது என்பது இங்கே வேண்டாம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. காலை 11 மணி. அதாவது, விடியலுக்கு முன்னால் கடலுக்குப் போன படகுகள் கரைக்கு வந்து, மீனைக் கூறு கட்டி ஏலம் விடுகிற நேரம்.

“சார், ஊர்ல ஒருத்தரும் போவாம இருந்துட்டா கூட்டம் கேன்சல் ஆயிடும் இல்ல?” என்று கேட்டார்.

“யார் சொன்னா?”

“நாங்களாதான் பேசிக்கினு இருக்கோம். இத்தினி பேரு வந்தாதான் செல்லும்னு ஒரு கணக்கு இருக்கும் இல்ல, அதான் கேக்குறேன்.”

நியாயமான கேள்வி. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இந்தக் கூட்டங்களுக்கு வேதம். அதன் நாலாவது பிற்சேர்க்கையில் கூட்டம் நடத்தும் முறை இருக்கிறது. அந்தப் பிற்சேர்க்கை நெடுக எண்கள். 30 நாள் முன்னால் விளம்பரம் தர வேண்டும். 45 நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். முடிந்த 8 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பை மேலே அனுப்ப வேண்டும். ஒரு தேசிய நாளிதழ், ஒரு உள்ளூர் மொழி நாளிதழ். கலெக்டர், அல்லது கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் தலைமை. நாளுக்கு எண், பேப்பருக்கு எண், அதிகாரிக்கு அந்தஸ்து. ஆளுக்கு? கூட்டம் தொடங்குவதற்குக் கோரம் எதுவும் தேவையில்லை. அவ்வளவுதான், ஒரே வரி. அந்த வரியை எழுதியவருக்கு அரை மணி நேரம் காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லை. எங்கள் கம்பெனி சட்டமே தேவலை.

ஆக, நண்பரின் ஊர் மொத்தமும் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் கூட்டம் நடந்துவிடும். பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகத்தான் ஃபைலில் ஏறும். சரி, நாலாயிரம் பேர் வந்து ஒரே குரலில் வேண்டாம் என்றால்? அப்போதும் கூட்டம் ‘நடந்தது’தான். ஏனென்றால் அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. யார் என்ன சொன்னார்கள், அதற்குக் கம்பெனி என்ன பதில் சொன்னது என்று குறிப்பு எழுதி அனுப்புவார்கள். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. உள்ளூர் நிலவரம் சரியில்லை, மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல முடியாது என்று அறிக்கை போனால், கூட்டமே இல்லாமல் மேற்கொண்டு போகலாம் என்று முடிவெடுக்கவும் அறிவிக்கை இடம் தருகிறது. ரகளை செய்தாலும் ஆபத்து, வராமல் இருந்தாலும் லாபமில்லை.

கணக்குப் பிள்ளையாக யோசித்தால், வராதவரைப் பற்று எழுதுவதா, வரவு எழுதுவதா என்பதுதான் கேள்வி. உலகத்தில் எங்கெல்லாம் மக்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கிறார்களோ, அங்கெல்லாம் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது. இதற்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகப் பதில் எழுதியிருக்கிறது. நண்பருக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்து, நான் எங்கெங்கோ போய்விட்டேன்.

முதலில் இத்தாலி. அங்கே ஐந்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு சட்டத்தை ரத்து செய்யலாமா என்று பொது வாக்கெடுப்பு கேட்கலாம். ஆனால் வாக்காளர்களில் பாதிக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டால்தான் முடிவு செல்லும். அவர்கள் அரசியல் சட்டத்தின் 75வது பிரிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்ன நடக்கும், யோசித்துப் பாருங்கள். சட்டம் அப்படியே இருக்கட்டும் என்று நினைக்கிறவர் எதற்காக வந்து ‘வேண்டாம்’ என்று குத்த வேண்டும்? வந்தால் கோரம் சேர உதவினதாக ஆகிவிடும். வீட்டில் படுத்துவிட்டால், சோம்பேறிகள், நோயாளிகள், ஊரில் இல்லாதவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஓட்டுப் போட்ட மாதிரி.

1991ல் தேர்தல் முறையை மாற்றுவதற்கு அப்படி ஒரு வாக்கெடுப்பு வந்தபோது, முன்னாள் பிரதமர் கிராக்ஸி மக்களுக்குச் சொன்ன யோசனை: கடலுக்குப் போங்கள்! ஜூன் மாதம், வெயில் காலம், ஓட்டுச் சாவடிக்கு எதற்குப் போகிறீர்கள், கடற்கரைக்குப் போய் ஜாலியாக இருங்கள் என்று. இத்தாலிக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. 62 சதவீதத்துக்கு மேல் வந்து, 95 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்று குத்தினார்கள். ஆனால் ரோஷம் எல்லா வருஷமும் வராது. 2016 ஏப்ரலில் கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் உரிமங்கள் பற்றி ஒரு வாக்கெடுப்பு. வந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் கம்பெனிகளுக்கு எதிராகப் போட்டார்கள். வந்தவர்களோ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செல்லாது. 2025 ஜூனில் ஐந்து கேள்விகளுக்கு வாக்கெடுப்பு, சுமார் 30 சதவீதம், ஐந்தும் போச்சு.

எண்ணூர் நண்பரிடம் இதைச் சொன்னேன். “கடலுக்குப் போங்கன்னு சொன்னாரா? இங்க அத யாரும் சொல்லத் தேவையில்ல சார், நாங்க டெய்லி போறோம்” என்றார்.

இத்தாலி மாதிரி இங்கேயும் 50 சதவீதக் கோரம் வைத்தால் என்ன என்று ஆசைப்படுகிறவர்கள் ஒரு புள்ளிவிவரத்தைப் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரியில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் பதிவான ஓட்டு சுமார் 43.6 சதவீதம். இத்தாலிக் கணக்குப்படி அந்தத் தேர்தலே செல்லாது. கவுன்சில் இல்லை, வட சென்னையிலிருந்து வந்து மேயரான பிரியாவும் இல்லை. நல்லவேளையாகத் தேர்தலுக்கு நாம் கோரம் வைக்கவில்லை. ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வட சென்னையில் 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். தென் சென்னையும் மத்திய சென்னையும் 54ஐ ஒட்டித்தான். காலையில் வாக்கிங் போகிற ஏரியாக்காரர்களைவிட, காலையில் ஷிஃப்டுக்குப் போகிற ஏரியாக்காரர்கள்தான் அதிகம் பூத்துக்குப் போகிறார்கள்.

சதவீதம் என்று சொல்லும்போது அடியில் ஒரு எண் இருக்கிறது. எதில் இத்தனை சதவீதம்? அங்கேதான் வில்லங்கம்.

ஸ்காட்லாந்துக்குத் தனிச் சபை வேண்டுமா என்று 1979ல் கேட்டார்கள். ‘ஆமாம்’ 51.6 சதவீதம். ஜெயித்தாயிற்றா? இல்லை. பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆமாம் சொல்லியிருக்க வேண்டும் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு எம்.பி. திருத்தம் கொண்டுவந்து சேர்த்திருந்தார். கிடைத்ததோ 32.9. இருபது வருஷத்துக்கு விஷயம் கிடப்பில் போனது. அந்த மொத்தத்தில் செத்துப்போனவர்கள், இரண்டு இடத்தில் பேர் உள்ளவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் சொல்லாமலே ‘வேண்டாம்’ கணக்கில் ஏறிவிட்டார்கள்.

செத்தவர் ஓட்டுப் போடுவது நமக்கொன்றும் புதுசில்லைதான். ஆனால் நம் ஊரில் அவர் பூத்துக்கு வந்து போட வேண்டியிருக்கும். அங்கே கல்லறையில் படுத்தபடியே போடலாம்.

2025 டிசம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேல் பேர் நீக்கப்பட்டிருந்தது. அதில் இறந்தவர்கள் மட்டும் சுமார் 27 லட்சம். விட்டுப்போனவர்கள் திரும்ப மனுப் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள், அது வேறு கதை. நான் சொல்ல வருவது அடி எண் பற்றி. ஆறு கோடியே சொச்சம் பேர் இருந்த பட்டியலில், ஒரு வரைவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு கோடிக்குப் பக்கமாக ஆள் குறைகிறது. நாற்பது சதவீதம், ஐம்பது சதவீதம் என்று எந்தக் கோட்டைப் போட்டிருந்தாலும், ஒருவரும் மனசை மாற்றிக்கொள்ளாமலே, தோற்றது ஜெயித்திருக்கும்.

புறக்கணிப்பு பற்றியும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1947 ஜூலையில் வடமேற்கு எல்லை மாகாணம் பாகிஸ்தானில் சேருவதா, இந்தியாவிலா என்று வாக்கெடுப்பு. கான் அப்துல் கபார் கானின் தொண்டர்கள் புறக்கணித்தார்கள். பாகிஸ்தானுக்கு 2,89,244. இந்தியாவுக்கு 2,874. ஓட்டுப் போட்டவர்களை வைத்துப் பார்த்தால் 99 சதவீதம். சரி, வராதவரை எல்லாம் எதிர்ப்பாக எழுதினால்? மொத்த வாக்காளர்கள் 5,72,798. அப்போதும் பாகிஸ்தானுக்கு 50.49 வருகிறது. அரை சதவீதத்தில் புறக்கணிப்பு தோற்றது. ஓட்டுப்பதிவில் தில்லுமுல்லு என்று அவர்கள் சொன்னது அப்புறம் யார் காதிலும் ஏறவில்லை.

ராயபுரத்துக்கே வந்துவிடலாம். தென்னாட்டின் முதல் ரயில் 1856ல் கிளம்பிய ஊர். அங்கேயும் தண்டையார்பேட்டையிலும் இன்ஜின் ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த விஷயம் என்னைவிட நன்றாகத் தெரியும். ரயில்வேயில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று ரகசிய ஓட்டெடுப்பு நடக்கும். 2007ல் நடந்தது, 2013ல் நடந்தது, பிறகு பதினோரு வருஷம் இழுத்தடித்து 2024 டிசம்பரில் நடந்தது. பதிவான ஓட்டில் 35 சதவீதம், அல்லது மொத்த ஓட்டில் 30 சதவீதம், இரண்டில் ஒன்று கிடைத்தால் போதும் என்பது விதி. இந்த ‘அல்லது’வை எழுதியவர் கெட்டிக்காரர். ஆயிரம் பேர் உள்ள இடத்தில் ஆயிரம் பேரும் வந்தால் 35 சதவீதம் என்பது 350. ஆனால் மொத்தத்தில் 30 சதவீதம், அதாவது 300 வாங்கினாலே அங்கீகாரம் வந்துவிடும். அறுநூறு பேர்தான் வந்தார்கள் என்றால் 210 போதும். எதிரிச் சங்கம் தன் ஆட்களை வீட்டில் உட்கார வைத்தால் உன் வேலை சுலபமாகும். ஆகவே யாரும் யாரையும் கடலுக்குப் போகச் சொல்வதில்லை. எல்லாரும் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதில்தான் குறியாக இருப்பார்கள். நான் பார்த்தவரையில், வராதவரை யாருக்கும் ஆயுதமாகக் கொடுக்காத விதி இது ஒன்றுதான்.

இலங்கைக்காரர்களும் ஒரு நல்ல விதி எழுதிவைத்தார்கள். அவர்களுடைய 1978 அரசியல் சட்டத்தின் 85வது பிரிவு. மொத்த வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செல்லுபடியாகும் ஓட்டு விழுந்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதற்குக் கீழே போனால், ஆமாம் சொன்னவர்கள் மொத்த வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். படிக்க அழகாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 1982 டிசம்பர் 22ல் ஜெயவர்த்தன என்ன செய்தார்? தேர்தலே நடத்தாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருஷம் நீட்டலாமா என்று கேட்டார். ஆமாம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். விளக்குக்கு 31 லட்சத்து 41 ஆயிரம், 54.7 சதவீதம். விளக்கு ஜெயித்தது. மொத்த வாக்காளர் 81 லட்சத்து 45 ஆயிரம் பேர். அதை அடியில் போட்டால் 38.6 சதவீதம்தான் வருகிறது. யாழ்ப்பாணத்தில் குடத்துக்கு விழுந்தது 91 சதவீதம்! அதனால் என்ன? அடி எண் தீவு முழுவதும். யாழ்ப்பாணத்துக்கு என்று தனிக் கணக்கு கிடையாது. அடுத்த ஜூலையில் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் எனக்கு எண்ணூர் புரிந்தது.

எண்ணூர் கழிமுகத்தைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றோடு கலந்து கிடக்கிற இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து அப்பிக்கொண்டது. அதே டிசம்பர் 26ந் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இங்கே தயாராகும் மின்சாரம் தமிழ்நாடு முழுவதும் போகிறது. இந்தத் துறைமுகங்களில் இறங்கும் சரக்கும் அப்படித்தான். லாபத்தின் அடி எண் ஏழு கோடி, சாம்பலின் அடி எண் சில ஆயிரம் குடும்பம். 2024 டிசம்பரில் எண்ணூர் அனல் மின் நிலைய விரிவாக்கத்துக்கு எர்ணாவூரில் கருத்துக் கேட்பு நடந்தபோது பலத்த எதிர்ப்பு. அந்த எதிர்ப்பை எந்த எண்ணால் வகுப்பது? விதியில் அதற்கு இடமே இல்லை.

கழிமுகத்தின் இரண்டு கரைக்கும் இரண்டு சட்டம் என்பது இன்னொரு கூத்து. தெற்குக் கரையில் திருவொற்றியூர், கத்திவாக்கம் எல்லாம் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. வடக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம் போனால் ஊராட்சி. அங்கே கிராம சபை உண்டு. கிராம சபைக்குக் கோரமும் உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300. அதே தண்ணீரில் அதே இறாலைப் பிடிக்கிற தெற்குக் கரைக்காரருக்கு 2022 நவம்பரில்தான் பகுதி சபை என்று ஒன்று கிடைத்தது.

கோரம் உள்ள சபை மட்டும் என்ன சாதித்தது என்கிறீர்களா? பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 ஆகஸ்ட் 15லிருந்து திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. ஆள் வந்தார்கள், கை தூக்கினார்கள், மினிட்ஸ் எழுதினார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது.

ஆனால் சபையின் கணக்கு நிஜமாகவே செல்லுபடியான இடம் ஒன்று இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலை. வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்துக்கு அனுமதி தரும் முன் கிராம சபைகளைக் கேள் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. 12 கிராமத்தில் கேட்டார்கள். 12ம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே பின்னணியில் வன உரிமைச் சட்டம் இருந்தது. அதன் விதிகளில், கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2012ல் எழுதியிருந்தார்கள்.

மலையில் இருப்பவருக்கு ஒரு சட்டம் கணக்குப் போட்டிருக்கிறது. நிலம் வைத்திருப்பவருக்கும் போட்டிருக்கிறது. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், தனியார் கம்பெனிக்கு நிலம் எடுத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 சதவீதம் சம்மதிக்க வேண்டும். அரசே எடுத்துக்கொண்டால் சம்மதமே வேண்டாம். அதுவும் ஒரு கதை, இப்போது வேண்டாம். ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றால் யார் என்று மூன்றாவது பிரிவில் ஒரு பட்டியல். படித்துக்கொண்டே வந்தேன். நிலச் சொந்தக்காரர், கூலித் தொழிலாளி, குத்தகைக்காரர், வனவாசி... நாலாவது இனத்தில், நீர்நிலையை நம்பிப் பிழைப்பவர், மீனவர், படகோட்டி! எனக்கு ஒரே சந்தோஷம். எண்ணூர் நண்பருக்கு போன் போட எழுந்தேவிட்டேன்.

நல்லவேளை, போடவில்லை. இரண்டாவது பிரிவைத் திரும்பப் பார்த்தேன். 80 சதவீதம் யாரில் என்று அங்கே எழுதியிருக்கிறது: பட்டியலில் முதல் இனமும் ஐந்தாவது இனமும். அதாவது நிலம் பறிபோகிற சொந்தக்காரரும், அரசு ஒதுக்கிய நிலம் வைத்திருப்பவரும். மீனவர் இருப்பது நாலாவது இனம். பாதிக்கப்பட்டவர் என்று சட்டம் தன் வாயால் சொல்லிவிட்டு, எண்ணும்போது தாண்டிப் போய்விடுகிறது. கடலுக்குப் பட்டா இல்லை அல்லவா!

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 330 ஏக்கரை 6,110 ஏக்கராக ஆக்குகிற அதானி குழுமத்தின் திட்டம். இதில் பெரும்பகுதி மணலும் கடலும் கழிமுகமும்தான். 2021 ஜனவரி 22ல் கருத்துக் கேட்பு என்றார்கள், கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், நிர்வாகக் காரணம் என்று அதையும் தள்ளிவைத்தார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு தடவையும் அதைத் தங்கள் வெற்றியாகத்தான் பார்த்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் கூட்டம் நடந்தால் நம் எண்ணிக்கை செல்லாது என்பதால், கூட்டம் நடக்காமல் இருப்பதையே வெற்றியாக எண்ண வேண்டிய நிலைமையில் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

மீனவ ஊர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இந்தக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்தின் எண்ணிக்கை தலைக்கட்டுக் கணக்கு. ஊர் வரி கட்டுகிற, கல்யாணமான ஆம்பிளைதான் தலைக்கட்டு. ஊர் ஒத்துக்கொண்டது என்றால் தலைக்கட்டுகள் ஒத்துக்கொண்டன என்று அர்த்தம். கூடையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டிலிருந்து தெருத் தெருவாகப் போகிற பெண்கள் அந்த எண்ணில் கிடையாது. நண்பரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. “அது காலங்காலமா அப்பிடித்தான் சார்” என்றார் அப்புறம். நானும் விடவில்லை. நியம்கிரியில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வந்தாக வேண்டும் என்று விதி இருந்ததைச் சொன்னேன். “பேசிப் பாக்கறேன்” என்றார்.

எனக்கு வருகை எண்ணிக்கையில் கோரம் வைப்பதில் நம்பிக்கை இல்லை. வைத்தால் முதல் வேலையாக யாராவது அன்றைக்கு டீசலுக்குக் காசு கொடுத்து எல்லாரையும் கடலுக்கு அனுப்புவார்கள். பத்து மைல் தள்ளி வேலை வாங்கித் தருகிறேன் என்று வேன் பிடித்துப் போவார்கள். நான் கேட்பது வேறு. கூட்டத்துக்கு முன்பே பாதிக்கப்படும் குடும்பங்களின் பட்டியல் ஊர்வாரியாக ஒட்டப்பட வேண்டும், பெண்கள் பேரோடு. சம்மதிக்கிறவர் எத்தனை, மறுக்கிறவர் எத்தனை என்று ஊர்வாரியாக எண்ண வேண்டும். அந்தப் பட்டியலில் இத்தனை பங்கு சம்மதம் என்று ஒரு கோடு போட வேண்டும். நிலத்துக்கு 80 என்றால் நீருக்கும் 80 ஏன் ஆகாது? வளர்ச்சி நின்றுவிடும் என்பார்கள். நிலம் வைத்திருப்பவருக்கு 80 சதவீதம் கொடுத்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். சில வகைத் திட்டங்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்குத் தர 2014 டிசம்பரில் அவசரச் சட்டம்கூடக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பில் அது காலாவதியாகி, 80 சதவீதம் அப்படியே இருக்கிறது.

கடைசியில் நண்பரின் ஊர் கூட்டத்துக்குப் போவது என்று முடிவு செய்தது. அன்றைக்குப் பல படகுகள் இறங்கவில்லை. நானும் போனேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தடுப்புக் கட்டை, கட்டைக்கு இரண்டு பக்கமும் போலீஸ். கூடை விற்கிற பெண்களும் முப்பது நாற்பது பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் வருகைப் பதிவேடு. வந்தவர் பேர் குறித்து நடவடிக்கைக் குறிப்போடு இணைக்க வேண்டும் என்பது விதி. வரிசையில் நின்ற ஒரு அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: “கையெழுத்துப் போட்டா நான் ஒத்துக்கினேன்னு ஆயிடுமா?”

அப்படி ஆகாது, வந்தேன் என்றுதான் ஆகும் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மைக்கைப் பிடித்து ஏழெட்டு நிமிஷம் பேசினார். அன்றைக்குப் பேசியவர்களில் அவர் பேச்சுக்குத்தான் மேடையில் இருந்தவர்களே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிற்பாடு நடவடிக்கைக் குறிப்பு கிடைத்தது. இணைப்பில் வந்தவர்கள் பட்டியல், வரிசை எண்ணோடு. விரல் வைத்து ஒவ்வொரு பேராகப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் பேர் அதில் இல்லை.